ஒரு 1917 லூகரை மதிப்பிட்ட அனுபவம்

ராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் மிகவும் விரும்பித் தேடுவது ஜெர்மனியின் லூகர் பி08. அதே காரணத்தால், திருத்தியும் மெருகேற்றியும் எண் மாற்றியும் விற்கப்படுவதிலும் அது முன்னணியில் நிற்கிறது. 1908இல் ஜெர்மன் தரைப்படை ஏற்றுக்கொண்ட இந்தத் துப்பாக்கியை, இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாக ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே நான் வசிக்கும் பென்சில்வேனியாவில் பழைய வீடுகளின் பரண்களிலிருந்து இன்றும் ஒன்றிரண்டு வெளியே வருகின்றன. அப்படி வந்த ஒன்றை அந்தக் குடும்பத்தின் வேண்டுகோளின்பேரில் சோதித்து, மதிப்பிட்டு, பிறகு நானே வாங்கிய அனுபவம் இது.

ஒரு ஜெர்மன் உயர் அதிகாரியிடமிருந்து தாத்தா 1945இல் கைப்பற்றியது என்று பேரன் சொன்னார். இத்தகைய கதை ஏறக்குறைய ஒவ்வொரு லூகருடனும் சேர்ந்தே வருகிறது என்பதால், அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, விலையில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தேன். முதல் வேலை, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்ப்பது. தோட்டாக்களை நிரப்பும் மேகசினை எடுத்துவிட்டு, மேலே மடங்கி எழும் டாகிளைப் பின்னிழுத்து, குழலின் அறையைக் கண்ணால் பார்த்தேன். அறையில் தோட்டா இருந்தால், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் சற்று மேலெழும்பி, அதன் இடப்பக்கத்தில் ‘நிரப்பப்பட்டது’ என்று பொருள்படும் ‘கெலாடன்’ என்ற ஜெர்மன் சொல் தெரியும். ஆனாலும் அந்த அடையாளத்தை மட்டும் நம்பிப் பிரிக்கத் தொடங்கக் கூடாது. சட்டகத்திலிருந்து கழற்றிய மேற்பகுதிகூட, உள்ளே தோட்டா இருந்து பக்கவாட்டுக் கம்பி அழுந்தினால், சுட்டுவிடும்.

குழலறையின் மேல் 1917 என்ற ஆண்டும், டாகிளின் மேல் அதைத் தயாரித்த பெர்லின் நகரத்து டி.டபிள்யூ.எம். நிறுவனத்தின் பின்னிய எழுத்து முத்திரையும் தெளிவாக இருந்தன. குழல் பொருந்தியிருக்கும் மேற்பகுதியான ரிசீவரின் வலப்பக்கத்தில் கிரீடத்துக்குக் கீழே எழுத்து வைத்த மூன்று ஆய்வாளர் முத்திரைகளும் கழுகு முத்திரையும் இருந்தன. போருக்குப் பின் ராணுவத்தின் கையிலேயே தங்கிய துப்பாக்கிகள் பலவற்றில் 1920 என்று இரண்டாவது ஆண்டு ஒன்றையும் அடித்தார்கள். இதில் அது இல்லை. முதல் போர் முடிந்ததும் இது யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போய், அங்கேயே 1945 வரை கிடந்திருக்கலாம் என்பது என் ஊகம். உயர் அதிகாரிக் கதையைவிட அது எனக்கு நம்பத் தகுந்ததாகப் பட்டது.

அடுத்து எண்கள். லூகரின் மதிப்பில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலை ஒவ்வோர் ஆண்டும் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கி, பத்தாயிரத்தை எட்டியதும் ஒரு எழுத்தைச் சேர்த்து மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியது. எனவே ஆண்டு, எண், எழுத்து ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கியின் அடையாளம் முழுமையாகும். இந்தத் துப்பாக்கியின் சட்டகத்தின் முன்புறத்தில் 4371 என்ற எண்ணும் அதன் கீழே சாய்வாக ‘எம்’ என்ற சிற்றெழுத்தும் இருந்தன. குழலின் அடியிலும் ரிசீவரின் இடப்பக்கத்திலும் அதே எண்தான். சிறிய பாகங்களில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இருக்கும் என்பதால், பக்கத்தகடு, விசை, சேஃப்டி, பிரிப்பு லீவர், டாகிளின் இணைப்புகள், கைப்பிடி மரத்தின் உட்புறம் என்று ஒவ்வொன்றாகத் துணியின் மேல் வரிசையாக வைத்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். எல்லாவற்றிலும் 71. மேகசினில் மட்டும் வேறு எண். அதன் அடிப்பாகமும் அலுமினியம். 1917இல் செய்த துப்பாக்கியுடன் மர அடிப்பாகம் கொண்ட மேகசினே வந்திருக்கும்.

எண்கள் பொருந்துவது மட்டும் போதாது, அவை அன்று அடித்தவையா என்றும் பார்க்க வேண்டும். பழைய எண்ணை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டுப் புதிதாக அடிப்பது இந்தச் சந்தையில் நன்கு தெரிந்த ஏமாற்று. தேய்த்த இடத்தில் உலோகம் லேசாகக் குழிந்திருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்தப் பள்ளம் நிழலாகத் தெரியும். குழலும் ரிசீவரும் சேருமிடத்தில் இரண்டையும் வெட்டிச் செல்லும் ஒரு மெல்லிய கோடு உண்டு. அது இம்மி பிசகினாலும் குழலை மாற்றியிருக்கிறார்களோ என்ற ஐயம் எழும். இதில் கோடு ஒரே நேராக ஓடியது.

மேற்பரப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் பளபளப்பைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். அந்தக் காலத்து லூகரில் குழலும் சட்டகமும் கருநீலமாக இருக்க, விசை, சேஃப்டி, பிரிப்பு லீவர் போன்ற சிறு பாகங்களைச் சூடேற்றி வைக்கோல் நிறத்தில் விட்டிருப்பார்கள். பிற்காலத்தில் லூகரைத் தயாரித்த மௌசர் தொழிற்சாலை 1937 வாக்கில் அந்த முறையைக் கைவிட்டது. சில மாதங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில், பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்ததுபோல் மின்னிய 1916 லூகர் ஒன்றைக் கண்டேன். அதன் விசையும் சேஃப்டியும் கருநீலமாக இருந்தன. சட்டகத்தின் கூர்மையான விளிம்புகள் மழுங்கி, முத்திரைகளின் ஓரங்கள் கரைந்து, நீலத்துக்கு அடியில் துருக்குழிகள் தெரிந்தன. யாரோ மெருகுச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துப் புதிதாக நிறமேற்றியிருக்கிறார்கள். எண்கள் பொருந்தியிருந்தாலும், சேகரிப்பாளர்களிடையே அத்தகைய துப்பாக்கி அசலின் விலையில் பாதிக்குப் போவதே அரிது. இந்தக் குடும்பத்தின் லூகரிலோ, தோலுறையில் உரசிய இடங்களில் நீலம் போய் எஃகு சாம்பல் நிறமாகத் தெரிந்தது; ஆனால் விளிம்புகள் கூர்மையாக இருந்தன, விசையின் மடிப்பில் வைக்கோல் நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தத் தேய்மானமே பெரிய சான்றாக இருந்தது.

தாத்தாவின் பழைய பெட்டியில் மடித்து வைத்திருந்த ஒரு தட்டச்சுத் தாளைப் பேரன் பிறகு கொண்டுவந்தார். போர்ப் பொருளை ஊருக்கு எடுத்துச் செல்ல மேலதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதிச் சீட்டு அது. 4371 என்ற எண்ணும் அதில் இருந்தது, ‘எம்’ என்ற எழுத்து மட்டும் விடுபட்டிருந்தது. எழுத்தில்லாத எண் வேறொரு லூகருக்கும் பொருந்தக் கூடும் என்பதால், கடுமையாகப் பார்த்தால் இது முழுச் சான்று அல்ல. ஆனாலும் துப்பாக்கியும் தாளும் ஒரே குடும்பத்தில், ஒரே பெட்டியில் இருந்திருக்கின்றன. அதற்கு நான் மனமுவந்து விலை சேர்த்தேன்.

விலையை முடிவு செய்ய, விற்பவர்கள் கேட்கும் தொகைகளை நான் பார்ப்பதில்லை. இல்லினாய்ஸின் ராக் ஐலண்ட் போன்ற ஏல நிறுவனங்களில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடி, அதே ஆண்டு, அதே நிறுவனம், எண் பொருந்தாத மேகசின் ஆகிய மூன்றும் ஒத்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மதிப்பிடுபவனே வாங்குபவனாகவும் இருப்பது முறையல்ல என்று எனக்குத் தோன்றியதால், அந்தப் பட்டியலைக் குடும்பத்திடம் கொடுத்து, இன்னொருவரிடமும் காட்டச் சொன்னேன். காட்டிவிட்டு வந்தார்கள், 1,900 டாலரில் ஒத்துக்கொண்டோம். பென்சில்வேனியாவில் தனிநபர்களுக்கிடையே கைத்துப்பாக்கி கைமாறுவது உரிமம் பெற்ற வணிகர் வழியாகவோ ஷெரிஃப் அலுவலகம் வழியாகவோதான் நடக்க வேண்டும். வணிகரின் கடையில் பின்னணிச் சோதனை முடிந்த பிறகே துப்பாக்கி என் கைக்கு வந்தது.

அனுமதிச் சீட்டின் அசல் என்னிடம் வந்தது, நகல் பேரனிடம் இருக்கிறது. தோல் பதனிட்ட ரசாயனமும் அதில் தங்கும் ஈரமும் எஃகை அரிக்கும் என்பதால், தோலுறையையும் துப்பாக்கியையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறேன். மெல்லிய எண்ணெய்ப் பூச்சைத் தவிர அந்த மேற்பரப்பில் வேறெதையும் நான் தொடவில்லை.