கண்மாய்க் கரைப் பாட்டு: ஒரு நாட்குறிப்பு

9 மார்ச் 2025, ஞாயிறு. மதுரை

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்துவின் முதல் ஞாயிறான இன்று, எங்கள் சபையில் ஆராதனையை நடத்த அரசரடி இறையியல் கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்திருந்தார்கள். பாவ அறிக்கை முடிந்ததும் வழக்கமாகப் பாடும் கீர்த்தனையை விட்டுவிட்டு, அவர்களில் ஒருவர் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பீடத்தின் கீழே வந்து நின்றார். கும்மி நடையில், ஐந்தாறு சுரங்களுக்குள்ளேயே சுற்றி வரும் மெட்டு; ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதன் பின்பாதியை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். கண் மங்கியதால் பாட்டுப் புத்தகத்தை விரிப்பதையே விட்டுவிட்ட பாட்டியம்மா ஒருவர் எங்கள் சபையில் உண்டு. இரண்டாம் சரணத்துக்குள் அவர் எல்லோரையும்விட உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்.

சிறுவயது முதல் பாடகர் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடி வரும் எனக்கு இது நான்கு குரல் இசையும் இல்லை, இராகத்தில் அமைந்த கீர்த்தனையும் இல்லை. கிராமிய மெட்டில் கிறிஸ்தவப் பாட்டு என்றால், கீபோர்டில் தவில் ஓசைக்கென்று இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கமான வார்த்தைகளையே கொஞ்சம் வேகமாகப் பாடுவதுதான் என்று இதுவரை நினைத்திருந்தேன். இன்று கேட்ட பாட்டில் வட்டிக்கடைக்காரர் வந்தார், ரேஷன் கடை வரிசை வந்தது. அந்த வரிசையின் கடைசியில் இயேசுவும் நின்றார்.

15 மார்ச், சனி

இன்று நாளெல்லாம் படித்தேன். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களைத் திரட்டி, 1853-ல் சபைகள் பாடுவதற்கான கீர்த்தனைப் புத்தகத்தை வெளியிட்டார். மேல்நாட்டு மெட்டுகளுக்கு இழுத்துக் கட்டிய மொழிபெயர்ப்புப் பாடல்களைவிட இந்த மண்ணின் இராகங்களே மக்கள் வாயில் நிற்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். இன்று நம் சபை மூப்பர்கள் மாற்றவே கூடாத மரபு என்று காக்கும் கீர்த்தனைகளும் ஒரு காலத்தில் புதுமையாக நுழைந்தவைதாம். ஆனாலும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று செல்லும் அந்த வடிவத்தை நன்றாகப் பாடப் பயிற்சி பெற்ற தொண்டை வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் பல்லவியோடு நின்றுகொள்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் ஜே. தியாபிலஸ் அப்பாவு வருகிறார். 1940-ல் பிறந்து 2005-ல் மறைந்த இவர், பரட்டை அண்ணன் என்ற பெயரிலேயே பலருக்கும் தெரிந்தவர். அரசரடிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே, ஆராதனை முறைமை முழுவதையும் கிராமிய இசையில், பேச்சுத் தமிழில் அமைத்தார். கடவுளை அவர் ‘பெத்தவரே’ என்று கூப்பிடுகிறார். அதில் தாயும் அடக்கம், தகப்பனும் அடக்கம். ஒரே உலையில் எல்லார் வீட்டு அரிசியையும் போட்டு, எல்லாரும் சேர்ந்து உண்பதைத் திருவிருந்தின் பொருளாகப் பாடினார். யார் வீட்டில் யார் கை நனைப்பது என்பதை வைத்தே சாதி காக்கப்படும் ஊர்களில் அந்தப் பாட்டு எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கிராமிய இசையை அவர் தேர்ந்துகொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாடுகிறவர்கள் தங்கள் தேவைக்கேற்ப அதை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

23 மார்ச், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும், பறையைப் பற்றி வாசலில் பேச்சு. “சாவுக்கு அடிக்கிறதக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால அடிக்கலாமா?” என்று மூப்பர் ஒருவர் கேட்டார். இது எதிர்பார்த்த கேள்வி. அதற்குள் இருப்பது இசை அன்று, சாதி என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

என்னை நிறுத்தி வைத்தது வேறொருவர் சொன்னது. ஓய்வுபெற்ற அரசு ஊழியரான அவர் தணிந்த குரலில், “டீச்சர், இத அடிக்க மாட்டோம்னு சொன்னதுக்காக எங்க தாத்தாவ ஊரைவிட்டே ஒதுக்கி வச்சாங்க. இப்ப எங்க பிள்ளைக அதையே மாட்டிக்கிட்டு கோயிலுக்குள்ள நிக்கிறதப் பாத்தா எனக்குச் சந்தோஷமா வரல” என்றார். பறையை விடுதலையின் இசையாக மீட்டெடுக்கிறோம் என்று பேசுகிற நாங்கள், அதை அடிக்க மறுத்ததையே விடுதலையாகக் கண்ட தலைமுறையிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? அந்த மாணவர்கள் அவருடைய பேரன் வயதினர். அவர்கள் சொல்லும் நியாயமும் நியாயமே. ஆனால் இவரை அந்த மூப்பரோடு ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி. மேலூர்ப் பக்கம்

மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளும் முடிந்த பின், என்னோடு பணிபுரியும் கத்தோலிக்கத் தோழியுடன் பஸ் ஏறி அவருடைய ஊருக்கு வந்தேன். கோயிலில் சிலுவையை முத்தமிடும் சடங்கான சிலுவை முத்தி முடிந்து ஆண்கள் கலைந்துவிட்டார்கள். பெண்கள் மட்டும் மாதா சுரூபத்தின் முன் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒப்பாரி வைத்தார்கள்.

நடுவில் இருந்தவரை ஊரே ‘அப்பத்தா’ என்கிறது. மரியாளின் வாயாக அவர் பாடினார்: மகனுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லையே, கூடச் சுற்றியவர்கள் ஒருவரும் கிட்டே வரவில்லையே, குத்தம் என்னவென்று சொல்லிவிட்டாவது அடித்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். இடையில் ஒரு பெண் தன் மகனின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார். சாலை விபத்தில் போன பிள்ளை என்று தோழி காதோடு சொன்னார். அப்பத்தா பாட்டை நிறுத்தவில்லை. அடுத்த அடியில் மரியாளோடு அந்தத் தாயையும் சேர்த்துக்கொண்டு, “ரெண்டு பேரு மடியும் காலியாச்சே” என்று இழுத்தார். மதியம் நாங்கள் நான்கு குரலில் பிசிறில்லாமல் பாடிய துயரப் பாடலில் இப்படி ஒருவரைச் சேர்த்துக்கொள்ள இடமே கிடையாது.

4 மே, ஞாயிறு. அதே ஊர்

கத்தோலிக்க வழிபாட்டில் இன்றைய நற்செய்தி யோவான் 21-ஆம் அதிகாரம். சீடர்கள் இரவெல்லாம் வலைவீசியும் ஒன்றும் அகப்படவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு நிற்கிறார். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊர் கூடிக் கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழா இந்தப் பக்கத்தில் பெரிய விசேஷம். கரையில் நின்று ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை, ஒன்றும் இல்லாதவர் சேலை என்று கிடைத்ததைக் கொண்டு ஆயிரக்கணக்கானோர் சேற்றில் பாய்வார்கள். அந்த அதிகாரத்தையும் இந்தக் கண்மாயையும் சேர்த்து அப்பத்தாவும், பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுவான அன்பியத்துப் பெண்களும் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார்கள். பூசை முடிந்து வேப்பமரத்தடியில் பாடினார்கள்.

ராவெல்லாம் தொழாவியும் கெளுத்திகூடச் சிக்கலையே
கரைமேல தீமூட்டிக் காத்திருந்தார் எங்கசாமி
(காத்திருந்தார் எங்கசாமி, கஞ்சியோட காத்திருந்தார்)

வலைபோட்ட ஆளுக்கும் ஊத்தாபோட்ட ஆளுக்கும்
ஒரேபங்கு மீனுன்னு ஒலையேத்தி வச்சாரே
(ஒலையேத்தி வச்சாரே, ஒத்தசட்டி வச்சாரே)

அப்பம் கஞ்சியாகிவிட்டது, திபேரியாக் கடல் கண்மாயாகிவிட்டது. வேதத்தில் எண்ணிச் சொல்லப்பட்ட 153 மீன்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அதைக் கேட்டபோது அப்பத்தா, “எண்ணிப் பாக்குறவுகளுக்கு அது வேணும் தாயி, நமக்குக் கொழம்பு பத்துச்சா பத்தலையான்னுதான்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். பரட்டை அண்ணனின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அவர் பாட்டிலும் ஒரே உலைதான் ஏறியிருக்கிறது. சேர்ந்து உண்ணும் இடத்தில்தான் சாதி வலிக்கும் என்பது இருவருக்கும் பட்டுத் தெரிந்த விஷயம்.

பறை அடிக்க இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். வைக்கோலைக் கொளுத்தி அதன் மேல் பறையின் முகத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். தோல் இறுகுவதை விரல் நுனியால் சுண்டிப் பார்த்து, ஓசை ‘டப்’ என்பதிலிருந்து ‘டிண்’ என்பதற்கு ஏறிய பிறகே நிறுத்தினார்கள். வேப்பமரச் சட்டம் மூன்று துண்டுகளாலானது, பொருத்துகளில் இரும்புப் பட்டை. இடக்கையில் நீளமான மெல்லிய மூங்கில் குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. சாவு வீட்டுக்கு அடிப்பீர்களா என்று கேட்டேன். “கூலிக்கு அடிக்க மாட்டோம் டீச்சர், எங்க கோயிலுக்கும் மேடைக்கும் மட்டும்தான்” என்று பெரியவன் உடனே பதில் சொன்னான். மார்ச் மாதம் வாசலில் பேசிய அந்த ஐயாவிடம் இதைச் சொல்ல வேண்டும்.

24 மே, சனி

பாட்டைச் சுரத்தோடு எழுதி வைக்க உட்கார்ந்தேன். செல்போனில் பதிந்து வந்ததும், தோழி முன்பு அனுப்பியிருந்ததும் ஒன்றுபோல இல்லை. தோழி அனுப்பியதில் கெளுத்தி மீனுக்குப் பதில் அயிரை மீன். மூன்றாம் சரணமே வேறு. எது சரியான பாடம் என்று தோழி வழியாகக் கேட்டுவிட்டதற்கு, “அன்னைக்கு அயிரை கெடச்சது” என்று பதில் வந்தது. இரண்டையும் எழுதி, பக்கத்தில் காலியிடம் விட்டிருக்கிறேன்.

15 ஜூன், ஞாயிறு. மதுரை

மாலை ஒத்திகையில் பாடகர் குழுவுக்குக் கண்மாய்ப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் டெனர் (ஆண்களின் மேல்க்குரல்) பாடுகிறவர்கள் மூன்றாம் சுரத்தில் துணைக்குரல் போடப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்ததில் பின்பாட்டின் உரம் போய்விட்டது. எல்லோரும் ஒரே குரலில் பாடுவது என்று முடிவாயிற்று. ஆர்கன் வாசிப்பவர் இன்று ஒரு கையில் மட்டும் சுருதி பிடித்துக்கொண்டிருந்தார், முகத்தில் பெரிய மகிழ்ச்சி இல்லை.

பறை பற்றிச் சபைக் கமிட்டி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற ஐயாவைப் போய்ப் பார்த்து, மேலூர்ப் பையன்கள் சொன்னதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, “அவங்களே வந்து அடிக்கட்டும், நம்ம பிள்ளைகள யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம்” என்றார். அறுப்பின் பண்டிகைக்கு அவர்களையும் அப்பத்தாவையும் அழைக்கலாம் என்று ஆயரிடம் கேட்டிருக்கிறேன். அன்று காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்குமுன் கால்மணி நேரம் கிடைக்கும் போலிருக்கிறது.

ஒத்திகை முடிந்து போகும்போது சோப்ரானோவில் பாடும் கல்லூரி மாணவி புதுச் சரணம் ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். செல்லூர்ப் பக்கம் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் பெண்களிடம் இயேசு வந்து, சமாரியப் பெண்ணிடம் கேட்டதுபோலத் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். முதலில் பிளாஸ்டிக் குடத்தைக் கீழே வைத்தவளே மொண்டு கொடுக்கிறாள். அடி நன்றாக இருக்கிறது, ஆனால் ‘பிளாஸ்டிக்’ கும்மித் தாளத்துக்குள் அடங்காமல் அரை அடி வெளியே நிற்கிறது. ‘நெகிழி’ என்று மாற்றலாமா என்று கேட்டாள். செல்லூரில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? குடத்தின் நிறத்தைப் போடச் சொல்லியிருக்கிறேன். பச்சைக்கொடம் என்றால் தாளத்தில் சரியாக உட்கார்கிறது.