மாடுலர் கிச்சன்ல வெந்நி மட்டும் வெக்கறோம்

புது வீடு கட்டி நாலு வருசம் ஆச்சு. அந்த வீட்டு கிச்சனப்பத்தி எழுதோணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன், இன்னிக்கு தோட்டத்து மோட்டார் ஓட்டற த்ரீ பேஸ் கரண்டு வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, கைல போனும் இருக்கு, சரின்னு ஆரம்பிச்சாச்சு.

எங்க தோட்டம் ஈரோடு மாவட்டத்துல, கீழ்பவானி வாய்க்கா பாசனம். அதுல முன்னாடி இருந்தது ஒரு சாளை. மண்ணு செவுரு, பனங்கை போட்டு மேல சீமை ஓடு, எரவாரம் எவ்வளவு தாழ்வுன்னா குனிஞ்சுதான் உள்ள போகோணும், எங்க ஒறம்பறைல, அதாவது சொந்தக்காரங்கள்ல, மண்டைல இடிச்சுக்காத ஆளே கெடையாது. அருவா, களக்கொத்து, பால் சொசைட்டி அட்டை எல்லாம் அந்த எரவாரத்துலதான் சொருகி இருக்கும். உள்ள ஆசாரம்னு ஒரு கூடம், ஒரு ரூம்பு, மேல சாமான் போடற அட்டாலி, அவ்வளவுதான். உண்மையா சொல்லப்போனா வீட்டுக்குள்ள நாங்க இருந்ததே இல்ல, தவச தானியமும் பாத்திரமும்தான் உள்ள இருந்துச்சு, நாங்க திண்ணைல, வாசல்ல, வீட்டுக்குப் பின்னால பொடக்காலில இருந்தோம்.

அத இடிச்சுட்டு புதுசா கட்டறதுன்னு முடிவானப்ப நான் யூட்யூப்ல லாரி பேக்கர்னு கேரளாவுல கம்மி செலவுல வீடு கட்டுன ஆர்க்கிடெக்டோட வீடெல்லாம் பாத்து வெச்சிருந்தேன். ரேட் ட்ராப் பாண்டுன்னு ஒண்ணு, செங்கல படுக்க வெக்காம நெட்டுக்குத்தலா வெச்சு கட்டறது, நடுவுல காத்து நிக்கறதால வெய்யில் சூடு உள்ள எறங்காது, கல்லும் நாலுல ஒரு பங்கு மிச்சம். மேஸ்திரிகிட்ட சொன்னேன். அவரு எங்கப்பாவ ஒரு பார்வ பாத்துட்டு, "தம்பி, செவுத்துக்குள்ள சந்து உட்டா பாம்பு குடி வந்துரும் பாத்துக்கங்க"ன்னாரு. பேக்கர் அதோட முடிஞ்சுது.

கடைசில இஞ்சினியர் ஒருத்தரு பிளான் போட்டாரு. கொறை சொல்லக்கூடாது, நல்ல மனுசன். வாஸ்துப்படி தென்கிழக்கு அக்னி மூலைல கிச்சன், கெழக்க பாத்து அடுப்பு, அதுக்கு மேல சிம்னி, பின்னால பூப்போட்ட டைல்ஸ். ஒரு வகைல சரிதான், எங்க பக்கம் ஆனி ஆடில பாலக்காட்டு கணவாய் காத்து மேக்கால இருந்து பேயாட்டம் அடிக்கும், மேக்கால அடுப்பு வெச்சா பொகையெல்லாம் வீட்டுக்குள்ளதான், கெழக்க வெச்சா அப்படியே வெளிய போயிரும். வாஸ்துவோ காத்தோ, ஏதோ ஒண்ணு ஒத்துப்போச்சு. நாங்களும் நாலு லட்சம் செலவு பண்ணி கிரானைட்டு, இழுத்தா சத்தமில்லாம மூடற டிராயர்னு எல்லாம் போட்டோம்.

பால் காச்சுன மறுநா காலைல ஆத்தா, அதாவது எங்க பாட்டி, அந்த அடுப்பு முன்னாடி போய் நின்னாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏஞ்சாமி, இங்க நின்னா மாடு தெரியலையே"ன்னாங்க.

எனக்கு அப்ப புரியல. சமைக்கறதுக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு சிரிச்சேன். ஒரு மாசம் ஆனப்புறம்தான் ஒறைச்சுது. பழைய அடுப்பு பொடக்காலி கதவ ஒட்டி இருந்துச்சு, அங்க உக்காந்தா மாடு கட்டற கட்டுத்தரை, கெணறு, கோழிக்கூடு, கடலக்கா காயற களம், தோட்டத்துக்கு வர்ற வேலியோரத் தடம், அந்த இட்டேரில யாரு வர்றா போறான்னு எல்லாமே தெரியும். கொழம்பு கொதிக்கறப்பவே கண்ணுக்குட்டி அவுத்துட்டு பால குடிக்குதான்னு பாத்துக்கலாம், மயிலு வந்து காயப்போட்டத கொத்துனா அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டா போதும். தோட்டத்துல வாட்ச்மேன் உத்தியோகம் பாத்ததே அடுப்புகிட்ட இருந்த பொம்பளைங்கதான். அவங்கள கொண்டுபோய் டைல்ஸ பாத்து நிக்க வெச்சுட்டோம். பிளான் போட்டப்ப அம்மாகிட்டயோ ஆத்தாகிட்டயோ ஒரு வார்த்த கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், நாங்க ஆம்பளைங்க நாலு பேரு சேந்து கார் எங்க நிறுத்தறதுன்னு ரெண்டு நாள் பேசுனோம்.

அப்புறம் என்ன, பழைய வீட்டு பனங்கையும் ஓடும் ஓரமா அடுக்கி இருந்துச்சு, அத வெச்சு பொடக்காலில ஒரு தாவாரம் (தாழ்வாரம்) எறக்குனோம். அந்த ஓட்டுல சிலதுக்கு அடில பேசல் மிஷன்னு இங்கிலீஷ்ல அச்சு இருக்கு, அந்த மிஷன்காரங்க 1865ல மங்களூர்ல ஆரம்பிச்ச ஓட்டு பேக்டரி, இப்ப எங்க கொள்ளுச்சட்டிக்கு கொடை பிடிக்குது. ஆத்தாவே மண்ணு கொழச்சு கொடியடுப்பு போட்டாங்க. கொடியடுப்பு தெரியாதவங்களுக்கு சொல்லிர்றேன், பெரிய அடுப்புல வெறகு எரியும், அதுல இருந்து ஒரு ஓட்ட வழியா பக்கத்து சின்ன அடுப்புக்கு தீயும் சூடும் போகும், அதுக்குன்னு தனியா வெறகு வேண்டியதில்ல. தென்ன மட்டை, பாளை, தேங்காத்தொட்டி, துவரைமாரு எல்லாம் தோட்டத்துலயே கெடக்கு. பெருசுல சோறு, கொடில கொள்ளு. நாலு லட்சத்து மாடுலர் கிச்சன்ல இப்ப வெந்நி மட்டும்தான்.

கொள்ளு அவசரத்துக்கு வேகற சாமான் இல்ல. முந்தின நாள் ஊறப்போட்டாலும் வெறகடுப்புல நல்லா நேரம் எடுக்கும். வெந்ததும் தண்ணிய வடிச்சு ரசத்துக்கு எடுத்து வெச்சுட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கொத்தமல்லி, வரமொளகா, கருவேப்பில வதக்கிப் போட்டு மண்சட்டிலயே மத்துல கடையோணும். மிக்ஸில அடிச்சா பசையாட்டம் ஆயிரும், அங்கங்க ஒரு கொள்ளு நசுங்காம பல்லுல மாட்டுனாத்தான் அது கடைசல். சுடு சோத்துல போட்டு நல்லெண்ண ஊத்தி சாப்பிட்டுப் பாருங்க.

ஆத்தாவுக்கு இந்த கொள்ளும் கம்பும்தான் ஊட்டுச் சோறு. பவானிசாகர் அணை 1955ல முடிஞ்சு வாய்க்கால்ல தண்ணி வந்தப்ப அவங்க சின்னப்புள்ள, அதுக்கு முன்னாடி நெல்லஞ்சோறுன்னா தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான்னு சொல்லுவாங்க. 200 கிலோமீட்டர் வாய்க்கா, 2,07,000 ஏக்கர், அதுல ஒரு பாதிக்கு ஆகஸ்ட்ல இருந்து நெல்லுக்கு தண்ணி, இன்னொரு பாதிக்கு பொங்கலுக்கு மேல கடல எள்ளுக்கு, அடுத்த வருசம் மாத்தி. அதனால எங்க வீட்டு சமையலும் ஒரு வருசம் அரிசிம்பருப்பு வருசம், ஒரு வருசம் கடலச்சட்டினி வருசம்.

ஓய்வுன்னு தனியா எங்களுக்கு கெடையாதுங்க, கரண்டுக்கு காத்திருக்கறதுதான் ஓய்வு. கரண்டு ராத்திரி முறைன்னா தாயம் ஆடுவோம். புது ஹால்ல ஒரு தடவ ஆடிப்பாத்தோம், வழவழப்பு டைல்ஸ்ல தாயக்கட்டை உருட்டுனா நிக்கவே மாட்டேங்குது, நேரா சோபாவுக்கு அடில போயிருது, சித்தப்பா அதுல பன்னெண்டு உழுந்துச்சுன்னு சாதிக்கறாரு, யாரு குனிஞ்சு பாக்கறது. இப்ப தாவாரத்து சிமெண்ட் தரைலதான் சாக்பீஸ்ல கட்டம். வாய்க்கால்ல தண்ணி ஓடறப்ப கெணறு மேல வந்து நிக்கும், அப்ப பசங்க வெளிய ஏறவே மாட்டாங்க, ஆத்தா அடுப்புகிட்ட இருந்தே தலைய எண்ணிக்குவாங்க.

இப்ப அவங்களுக்கு புதுசா ஒரு யோசனை. அந்த சிம்னிய கழட்டிட்டு அங்க சன்னல் வெக்கோணுமாம், கட்டுத்தரை தெரியாட்டியும் இட்டேரியாவது தெரியட்டும்ங்கறாங்க. அப்பா ஒண்ணும் பேசல. மேஸ்திரி வெள்ளிக்கெழம வந்து பாக்கறேன்னிருக்காரு, எந்த வெள்ளிக்கெழமன்னுதான் சொல்லல.