ஒரு காத்திக் கல்லும் 90 சென்டிமீட்டர் தண்டும்: டாச்சிங் செய்து பார்த்த குறிப்பு

மலேசியாவின் கிள்ளான் ஆற்று வாணிபத்தின் பழைய கணக்குகளைப் படிக்கும்போது பிக்குல், காத்தி, தாயில், பாரா என்ற நான்கு சொற்களும் வந்துகொண்டே இருக்கும். 1 தாயில் 37.8 கிராம். 16 தாயில் 1 காத்தி (604.8 கிராம்), 100 காத்தி 1 பிக்குல் (60.48 கிலோ), 3 பிக்குல் 1 பாரா. பிக்குல் என்றால் மலாயில் தோளில் சுமப்பது, அதாவது ஓர் ஆள் சுமை. பாரா நம்முடைய பாரம்தான், கடல் தாண்டி வந்த சொல். இந்த வாய்ப்பாடு தெரிந்திருந்தாலும், ஒரு சுமை எப்படி 47 காத்தி 9 தாயில் என்று ஏட்டில் ஏறியது என்பது டாச்சிங்கைக் கையில் பிடித்தால்தான் புரிகிறது. அதனால்தான் இந்த வேலை. டாச்சிங் என்பது ஊரில் வெள்ளிக்கோல் என்று சொல்வது: ஒரு தண்டு, சுமை தொங்க ஒரு கொக்கி, தண்டில் நகர்த்த ஒரு கல்.

அளவு 20 காத்தி வரை என்று முடிவானது. முழு பிக்குலை நிறுக்கும் டாச்சிங்கைத் தூக்க இரண்டு ஆளும் ஒரு கம்பும் வேண்டும். 20 காத்தி, ஏறத்தாழ 12 கிலோ, வீட்டு உத்தரத்தில் மாட்டியே சோதிக்கலாம்.

தண்டுக்குப் பழைய தேக்குச் சட்டம், 90 சென்டிமீட்டர். தடித்த முனை 24 மில்லிமீட்டர் விட்டம், மெல்லிய முனை 14. இழைத்து, உப்புத்தாள் போட்ட பிறகு எடை 170 கிராம். தடித்த முனையிலிருந்து 3 சென்டிமீட்டரில் கொக்கி, 7 சென்டிமீட்டரில் தூக்குப் புள்ளி. இரண்டுக்கும் இடையே உள்ள 4 சென்டிமீட்டர்தான் டாச்சிங்கின் உயிர்.

கல்லின் எடை சரியாக 1 காத்தி. கல் ஒரு காத்தியாக இருந்தால், ஒவ்வொரு காத்திக்கும் கல் நகர வேண்டிய தூரம் அதே 4 சென்டிமீட்டர்தான். ஒரு தாயிலுக்கு 2.5 மில்லிமீட்டர். பள்ளிக்கூட அளவுகோலை வைத்தே குறி போட்டுவிடலாம். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பித்தளை உருளையை 5.6 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டினால் சுமார் 598 கிராம் வரும். மேலே வளையத் திருகு போட்டால் 604.8-ஐத் தாண்டிவிடும். அப்போது அடியில் துளைத்துக் குறைக்க வேண்டும். சிறிய ட்ரில் பிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். தொங்கவிடும் கயிற்றையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். அதை மறந்தால் 3, 4 கிராம் போய்விடும்.

முதல் தண்டு வீணானது. கொக்கிக்கும் தூக்குப் புள்ளிக்கும் 5 மில்லிமீட்டர் துளை போட்டு, அதில் 4 மில்லிமீட்டர் கயிறு கோத்திருந்தது. ஒரே சுமை மூன்று முறை மூன்று எடை காட்டியது. கயிறு துளைக்குள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், 40 மில்லிமீட்டரில் அது 1.25 சதவீதம். 20 காத்தியில் 4 தாயில் தவறு. போதாக்குறைக்கு இரண்டு துளையும் ஒரே இழையோட்டத்தில் விழுந்ததால், 10 காத்தி ஏற்றியபோது நடுவே விரிசல் ஓடியது.

இரண்டாவது தண்டில் கயிற்றுக்குப் பதில் 3 மில்லிமீட்டர் எஃகு ஊசி. உடைந்த ட்ரில் பிட்டின் அடிப்பகுதியே போதும், அது நேராகவும் கடினமாகவும் இருக்கும். ஊசியை இருபுறமும் பித்தளைத் தகட்டுக் காது பிடித்துக்கொள்கிறது, கயிறு அந்தக் காதில்தான். துளை போடும் முன் அந்த இடத்தில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுற்றி ஒட்டிவிட்டால் மரம் பிளக்காது.

தூக்கு ஊசியின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். அதைத் தண்டின் நடுக்கோட்டிலேயே வைத்தால் தண்டு நிற்காது, ஒரு பக்கமாகக் குப்புற விழும். காரணம், கல்லின் கயிறு தண்டின் முதுகில் உட்காருகிறது, அதாவது நடுக்கோட்டுக்கு 8 மில்லிமீட்டர் மேலே. தூக்கு ஊசியை நடுக்கோட்டுக்கு 4 மில்லிமீட்டர் மேலே போட்டதும் அடங்கியது. 20 காத்தி தொங்கும்போது ஒரு தாயில் கூடினால் தண்டின் நுனி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அசைகிறது, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. இன்னும் மேலே ஏற்றினால் தண்டு மந்தமாகிவிடும், தாயில் தெரியாது.

கொக்கியும் தட்டும் சேர்ந்து 400 கிராம். தண்டின் நீண்ட பக்கம் அதைவிடக் கனம் என்பதால் பூஜ்யக் குறி தூக்குப் புள்ளிக்கு இடப்பக்கம், அதாவது கொக்கிப் பக்கம், கிட்டத்தட்ட 5.9 சென்டிமீட்டரில் விழுகிறது. அதனால் முதல் குறி 2 காத்தி, தூக்குப் புள்ளிக்கு வலப்பக்கம் 2.1 சென்டிமீட்டரில். 20 காத்திக் குறி 74.1-இல். கணக்கை நம்பிக் குறி போட்டுவிடக் கூடாது. 1209.6 கிராம் வீதம் பத்துப் பைகளில் உலர்ந்த மணலை டிஜிட்டல் தராசில் நிறுத்துக் கட்டினால் ஒவ்வொன்றும் 2 காத்தி. அதை ஒவ்வொன்றாக ஏற்றி, பென்சிலால் குறித்து, கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே துளை.

குறிகள் 1 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. 3 மில்லிமீட்டர் ஆழம் துளைத்து, கம்பியைச் செருகி, வெட்டி, அரத்தால் தேய்த்தால் தேக்கில் பொன் புள்ளியாக மின்னும். ஐந்து காத்திக்கு ஒரு பூ, காத்திக்கு இரண்டு புள்ளி, அரைக்கு ஒன்று. எண்பது புள்ளியும் சேர்ந்து ஒன்றரை கிராம்தான். ஆனால் அது நீண்ட பக்கத்தில் இருப்பதால் கொக்கியில் 14 கிராமாக வந்து நிற்கிறது, தாயிலில் மூன்றில் ஒரு பங்கு. கொக்கியில் அதே அளவு ஈயத் துண்டு கட்டினால் சரியாகிவிடும்.

கோலாலம்பூர் ஈரம் இதைவிடப் பெரிய தொல்லை. ஒரு வாரம் விடாமல் மழை பெய்தபோது 170 கிராம் தண்டு 176 ஆனது. எல்லாச் சுமையும் ஒரு தாயிலுக்கு மேல் குறைவாகக் காட்டியது. ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் இடைவெளி. இப்போது ஏறி இறங்குவது ஒன்றிரண்டு கிராம்.

இங்கேதான் அந்தக் காலத்துக் கணக்கின் நடுமுடிச்சு இருக்கிறது. தண்டு கனத்தால் 2 காத்தியிலும் 20 காத்தியிலும் ஒரே அளவு தவறும். கல் கனத்தால் சுமை கூடக் கூடத் தவறும் கூடும். 30 கிராம், அதாவது 5 சதவீதம் கூடுதலான கல்லை மாட்டிப் பார்த்ததில் 10 காத்திச் சுமை 9 காத்தி 9 தாயிலாகத் தெரிந்தது. 20 காத்தி 14 தாயில் குறைந்தது. இப்படி இருபது இருபதாக ஒரு பாரா ஈயம் (இங்கே வெள்ளீயம், tin) நிறுத்தால் 13 காத்தி காணாமல் போகும். கல்லைக் கையில் வாங்கிப் பார்க்கிறவருக்கு 30 கிராம் தெரியவே தெரியாது. ஒரு டாச்சிங்கை முதன்முதலில் பார்த்தால் இரண்டு சுமையில் நிறுத்துப் பாருங்கள்: சிறியதிலும் பெரியதிலும் தவறு சமமா, வளர்கிறதா? வளர்ந்தால் கல்லைப் பாருங்கள், அடுத்து அந்த 4 சென்டிமீட்டரைப் பாருங்கள்.

அந்த 13 காத்தி யாருடையது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 1857-இல் கிள்ளானின் தலைவர் ராஜா அப்துல்லா ஈயம் தேட அனுப்பிய 87 பேர் ஆற்றோடு மேலேறி, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி அம்பாங்கிற்குக் காட்டில் நடந்தார்கள். முதல் மாதத்திலேயே 69 பேர் காய்ச்சலில் மாண்டார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் லம்பத்தில் (ஈயச் சுரங்கத்தில்) தோண்டிய ஈயம் ஆற்றோடு கீழே போனது, அரிசியும் எண்ணெயும் அபினும் மேலே வந்தன. இறக்கும் இடத்திலெல்லாம் டாச்சிங். ஏற்றுமதி வரி பாரா கணக்கில், அபின் தாயில் கணக்கில். 1875-இல் சிலாங்கூரின் முதல் ரெசிடெண்ட் (சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்டிஷ் அதிகாரி) டேவிட்சன் கிள்ளானில் அமர்ந்தபோதும், 1880-இல் நிர்வாகம் கோலாலம்பூருக்கு மாறியபோதும், கஜானாவுக்கு வரும் பெரிய வருமானம் ஈய வரிதான். டேவிட்சனோடு எழுத்தராக வந்த தம்புசாமிப் பிள்ளை அந்தக் கஜானாவில்தான் உயர்ந்தார். 1886 செப்டம்பர் 15-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே உள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியதும் ஆற்றுப் படகின் வேலை சுருங்கியது. டாச்சிங் மட்டும் நிலையத்துக்கு மாறிப் போய்த் தன் வேலையைத் தொடர்ந்தது.

ஏட்டைப் படிப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 3 பிக்குல் 47 காத்தி 9 தாயில் என்பதை 347.9 காத்தி என்று எழுதிவிடுகிறார்கள். ஒன்பதை 16-ஆல் வகுக்க வேண்டும்: 347.5625 காத்தி, 210.2 கிலோ. ஒரு வரியில் 200 கிராம் பிசகினால் பெரிதாகத் தெரியாது, மாதக் கணக்கில் கூட்டினால் இரு ஏடுகளும் ஒத்துப் போகாது. லண்டனுக்குப் போன அறிக்கையோடு ஒப்பிட 1 டன்னுக்கு 16.8 பிக்குல் என்று பிரிக்க வேண்டும். அது ஆங்கில டன், 1000 கிலோ அல்ல.

ஈயத்தின் கன அளவையும் செய்து பார்த்தாயிற்று. அடர்த்தி 7.3 என்பதால் ஒரு பிக்குல் ஈயம் வெறும் 8.3 லிட்டர். பக்கத்துக்கு 20 சென்டிமீட்டரும் கொஞ்சமும் உள்ள ஒரு கட்டி. அதே அளவில் அட்டைப் பெட்டி ஒட்டி டாச்சிங்குக்குப் பக்கத்தில் வைத்தால், இவ்வளவு சிறிய பெட்டியையா ஒரு ஆள் சுமை என்றார்கள் என்று தோன்றும். 60 கிலோ மணல் மூட்டையைத் தூக்கிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

இப்போது மீதி இருப்பது இரண்டாவது தூக்கு ஊசி. கொக்கியிலிருந்து 2 சென்டிமீட்டரில் போட்டால் அதே கல்லில் 40 காத்தி வரை நிறுக்கலாம், காத்திக்கு 2 சென்டிமீட்டர். முதல் ஊசிக்கு எதிர்ப்புறம், தண்டைத் திருப்பிப் பிடிக்கும்படி. குறிகளும் அந்தப் பக்கத்து முதுகில். 24 கிலோவை அந்த 2 சென்டிமீட்டர் மரம் தாங்குமா என்பதை முதலில் வீணான தண்டின் நல்ல பாதியில் சோதிக்கிறோம், பித்தளைச் சுற்றை இரட்டை அடுக்காக்கி.