நீக்கிய நான்கு வரிகள்

அந்த நான்கு வரிகளை நீக்கச் சொன்னவர் அவர், நீக்கியவன் நான். மலர் அச்சாகி, அவரும் மறைந்து ஓராண்டு கடந்துவிட்ட பின்னும், செய்தது சரிதானா என்ற கேள்வி என்னை விடவில்லை.

சிங்கப்பூரில் பகலில் தமிழ்ப் பள்ளி ஆசிரியையாகவும், மாலையில் கால்டிகாட் குன்றில் இருந்த ஒலிபரப்பு நிலையத்தில் வானொலி நாடகக் கலைஞராகவும் வாழ்ந்தவர் அவர். மலருக்காக அவரைப் பேட்டி கண்டேன். அறுபதுகளின் இறுதியில், மாணவர் பதிவுக்கு முன் சக ஆசிரியர்களோடு வீடு வீடாகச் சென்று, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்குமாறு பெற்றோரிடம் மன்றாடியதை வெகுநேரம் உற்சாகமாகச் சொன்னார். பிறகு, நான் கேட்காமலேயே, "என் மகனை மட்டும் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தேன், தம்பி. ஏன் என்று அவன் இதுவரை என்னைக் கேட்டதில்லை" என்றார். சற்று மௌனமாக இருந்துவிட்டு, "இது வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்றார். சரி என்றேன். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

தம் வாழ்க்கையில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது சொல்பவரின் உரிமை. அதை மீறி அச்சிட்டிருந்தால், அவர் வீட்டு வாசலை மீண்டும் மிதிக்க எனக்கு முகம் இருந்திருக்காது. இதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனாலும், உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது என்றும், 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியானது என்றும் அதே மலரில் எழுதியவனும் நான்தான். தமிழ் வகுப்பறைகள் அதற்கு வெகுகாலம் முன்பே காலியாகத் தொடங்கிவிட்டன. தமிழின்மேல் பற்றில்லாதவர்கள்தான் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்று எண்ணும் வாசகருக்கு அந்த நான்கு வரிகள் மறுமொழியாக இருந்திருக்கும். 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கிய, 1952இல் தமிழர் திருநாளுக்கு வித்திட்ட கோ. சாரங்கபாணியைப் பற்றி எழுதும்போதும் நாம் ஆண்டுகளையும் சாதனைகளையுமே அடுக்குகிறோம். இரவில் அவர் தூக்கத்தைக் கெடுத்தது எது என்று எழுதுவதில்லை. ஆசிரியர்களையும் ஒலிபரப்பாளர்களையும் இப்படியே சிலைகளாக்கி வைக்கிறோம் என்று மற்றவர்களைக் குறை கூறியவன் நான்.

துக்கம் விசாரிக்கச் சென்றபோது மலரை அவருடைய மகனிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தமிழ் வாசிக்க அவ்வளவாக வராது, அண்ணே, நீங்களே வாசிங்க" என்றார். வாசித்தேன். 'வீடு வீடாக' என்ற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. முடித்ததும் அவர் கேட்டார்: "என்னை ஏன் இங்கிலீஷ் ஸ்கூலில் போட்டாங்கன்னு அம்மா சொன்னாங்களா?"

"இல்லை" என்றேன்.

அது பொய்யல்ல, காரணத்தை அவர் சொல்லவே இல்லை. ஆனால் மகன் கேட்காத அந்தக் கேள்வியை அவர் அத்தனை ஆண்டுகள் சுமந்திருந்தார் என்பதைச் சொல்லியிருக்கலாம். நீக்கச் சொன்னது மலரிலிருந்து மட்டும்தானா, மகனிடமிருந்துமா? ஒலிப்பதிவு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மகனின் எண்ணை இருமுறை எடுத்தேன், அழைக்கவில்லை.