சந்தாப் பட்டியலுக்கு நிறமிடுதல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் கோயில் சபையின் சந்தாக் கணக்கை எக்ஸெல் தாளில் பேணி வருகிறேன். பெயர், செலுத்திய ரேண்ட் தொகை, அடுத்த தவணைத் தேதி என நீளும் அந்தப் பட்டியலில், தவணை கடந்தவர்களின் வரிசை முழுவதும் தானாகவே வெளிர்சிவப்பாக மாறும்படி நிபந்தனை வடிவமைப்பை (Conditional Formatting) அமைத்திருக்கிறேன்.

இதற்குச் சூத்திரம் எழுதும் விதியே ஏற்றது. தரவு இரண்டாம் வரிசையில் தொடங்கி, தேதி 'டி' நெடுவரிசையில் இருந்தால், பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்த பின், டி2 கட்டத்தின் தேதி இன்றைய தேதியைவிடக் குறைவா என்று கேட்கும் சூத்திரத்தை எழுதி, அந்த நெடுவரிசை மாறாதிருக்க 'டி' என்ற எழுத்துக்கு முன் மட்டும் டாலர் குறியிட வேண்டும். எண்ணுக்கு முன்னும் அதை இட்டால், எல்லா வரிசைகளும் முதல் உறுப்பினரின் தேதியையே பார்க்கும். வெற்றுக் கட்டத்தை எக்ஸெல் சுழியமாக, அதாவது இன்றைய தேதியைவிடக் குறைவாகக் கொள்வதால், தேதி இடப்படாதவரும் பாக்கிதாரர் ஆகிவிடுவார். ஆகவே கட்டம் வெறுமையாக இல்லை என்பதையும் இரு நிபந்தனைகளும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் 'ஆண்ட்' (AND) சார்பால் சேர்த்துக் கேட்பது அவசியம். தென்னாப்பிரிக்க வட்டார அமைப்புள்ள கணினிகளில் தசமத்திற்குக் காற்புள்ளி வழங்குவதால், சூத்திரத்தின் உறுப்புகளைப் பெரும்பாலும் அரைப்புள்ளியால் பிரிக்க வேண்டியிருக்கும். காற்புள்ளியால் பிரிக்கும் இந்தியப் பாடங்களைப் பார்த்து எழுதுவோர் இதைக் கவனிக்க.

2007 பதிப்புக்கு முன் ஒரு கட்டத்திற்கு மூன்று நிபந்தனைகளே இட முடிந்தது. இப்போது நிற அளவுகோல், தரவுப் பட்டை, அம்புச் சின்னங்கள் எல்லாம் வந்துவிட்டன. சந்தாப் பட்டியலுக்கு அவை வீண் அலங்காரம் என்பது என் கருத்து. தவணை கடந்தவர்க்குச் சிவப்பு, இம்மாதம் கட்ட வேண்டியவர்க்கு மஞ்சள், அவ்வளவே. இரண்டும் ஒரே வரிசைக்குப் பொருந்தினால் மேலே உள்ள விதியே வெல்லும் என்பதால், சிவப்பை மேலே வைத்திருக்கிறேன்.