கண்காணிப்பில் ஒரு புராஸ்டேட்டும் எல்லோருக்கும் சொந்தமான ஒரு தட்டும்

எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று சொல்லும் பயாப்ஸி அறிக்கை கைக்கு வந்த வாரத்திலேயே என் சாப்பாட்டுத் தட்டு பொதுச் சொத்தாகிவிட்டது. பாலை அறவே நிறுத்தச் சொன்னார் ஒரு நண்பர். வேளைக்கு வேளை தக்காளி சாப்பிடச் சொன்னார் இன்னொருவர். மைத்துனர் ஒரு படி மேலே போய் மாத்திரை டப்பாவே வாங்கி வந்துவிட்டார். "வெறும் வைட்டமின்தான் அத்தான், கெடுதல் எதுவும் செய்யாது" என்றார். அந்த டப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிலவரம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் என் பிஎஸ்ஏ அளவு, அதாவது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதத்தின் அளவு, மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்று பொதுவாகச் சொல்லப்படும் எல்லையைத் தாண்டியிருந்தது. தாண்டினாலே புற்றுநோய் என்று பொருளில்லை. வயதாக ஆகச் சுரப்பி பெருத்தாலும் அந்த எண் ஏறும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் ஏறும். தொற்று இல்லை என்று பார்த்து, மறுபடி ரத்தம் எடுத்து, எம்ஆர்ஐ எடுத்து, அதன் பிறகே ஊசி வழியாகத் திசு எடுத்தார்கள். வந்த முடிவு கிளீசன் 3+3=6. திசுவின் தோற்றத்தை வைத்து நோயின் தீவிரத்துக்குத் தரும் மதிப்பெண் அது. புற்றுநோய்தான், ஆனால் இன்று தரப்படும் மதிப்பெண்களில் மிகவும் சாதுவானது இது. சிறுநீரியல் மருத்துவரான யூராலஜிஸ்ட் கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை. குறித்த இடைவெளியில் பிஎஸ்ஏ, தேவைப்படும்போது எம்ஆர்ஐயும் பயாப்ஸியும். நோய் குணம் மாறினால் மட்டும் சிகிச்சை என்றார். பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வையும் சொன்னார். கண்காணிப்பு, அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு என்று மூன்று பிரிவாக 1,643 ஆண்களைப் பிரித்துத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். 15 ஆண்டுகளுக்குப் பிறகு புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் எந்தப் பிரிவிலும் 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள்.

கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் கண்காணிப்பில் இருப்பவனுக்குச் செய்வதற்கென்று வேலை எதுவும் இல்லை. உடம்புக்குள் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார யாரால் முடியும்? தன் வசத்தில் இருப்பது சாப்பாடு ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. அதனால்தான் இந்த நோயில் உணவுப் பேச்சு இவ்வளவு பெரிதாகிறது என்று நினைக்கிறேன்.

கேட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு டயட்டீஷியனைப் பார்க்கப் போனேன். அந்தப் பெண் தாளை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்துவிட்டு டப்பாவைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார். வைட்டமின் ஈ, 400 அலகு.

"சார், செலக்ட் ஆய்வில் தினமும் கொடுத்தது இதே அளவுதான்" என்றார்.

அந்தக் கதை முழுவதையும் கேட்டபோதுதான் இந்தத் துறையில் ஒரு நம்பிக்கை எப்படிப் பிறந்து எப்படிக் கவிழ்கிறது என்று புரிந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய்க்காக ஓர் ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். அதில் வைட்டமின் ஈ எடுத்துக்கொண்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. யாரும் எதிர்பாராத லாபம். அதை உறுதிசெய்யத்தான் 2001இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களுடன் செலக்ட் தொடங்கியது. சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்குச் செலினியம் என்ற தாது, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. பலன் தென்படாததால் 2008இல் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஆட்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட கணக்கில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. காக்கும் என்று கொடுத்த மாத்திரை!

டப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை. மைத்துனரிடம் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டார்.

அடுத்தது தக்காளி. 1995இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மருத்துவத் துறையில் பணிபுரியும் ஆண்களின் உணவுப் பழக்கத்தை அலசி, தக்காளி அதிகம் சேர்ப்பவர்களுக்கு இந்த நோய் குறைவு என்று எழுதினார்கள். அதன் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் புகழ்பெற்றது அப்போதுதான். வேகவைத்து எண்ணெயோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும் என்பதும் உண்மையே. ஆனால் 2007இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எல்லா ஆதாரத்தையும் அடுக்கிப் பார்த்துவிட்டு, லைகோபீன் இந்த நோயின் ஆபத்தைக் குறைக்கும் என்று சொல்ல நம்பகமான சான்று இல்லை என்றது. தக்காளி தின்பவர் வேறு என்னென்ன தின்கிறார், புகைபிடிக்கிறாரா, ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகிறாரா என்பதையெல்லாம் பிரித்தெடுப்பது லேசான காரியமில்லை. "சமையலுக்குத் தக்காளி, சிகிச்சைக்கு டாக்டர்" என்று டயட்டீஷியன் முடித்துக்கொண்டார்.

பால் விஷயத்தில் அவர் சற்று நின்று பேசினார். பால் பொருள்களும் கால்சியமும் மிக அதிகமாகச் சேர்த்தால் ஆபத்து கொஞ்சம் கூடலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு, ஆனால் அது திடமானதில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியமும் 2014இல் அப்படித்தான் வகைப்படுத்தியது. பாலைக் கைவிடத் தேவையில்லை, தேவையின்றிக் கால்சியம் மாத்திரை வேண்டாம் என்றார். பின்னாளில் ஹார்மோன் சிகிச்சைக்குப் போக நேர்ந்தால் எலும்பு தேயும், அப்போது இதே கால்சியத்தைப் போதுமான அளவு சேர்க்கச் சொல்வார்கள் என்றும் சொல்லி வைத்தார். நான் பாலின் அளவைக் குறைத்தேன், நிறுத்தவில்லை.

எனக்கு உறைத்தது 2020இல் வெளியான மீல் ஆய்வுதான். அதில் இருந்தவர்கள் அச்சாக என் நிலையில், கண்காணிப்பில் இருந்த ஆண்கள், 478 பேர். ஒரு பாதிப் பேரைத் தொலைபேசியில் தொடர்ந்து பேசிப்பேசி நிறையக் காய்கறி சாப்பிட வைத்தார்கள். அவர்களும் சாப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் நோய் முன்னேறியதில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. கேட்டதும் மனம் சோர்ந்துவிட்டது. அன்று இரவு படுக்கையில் யோசித்தபோது வேறு விதமாகவும் தோன்றியது. ஒரு நாள் விருந்தில் எதையாவது அள்ளிப் போட்டுக்கொண்டால் கட்டி வளர்ந்துவிடுமோ என்று நடுங்க வேண்டியதும் இல்லையே.

அப்படியானால் என்னதான் மிச்சம்? எடை. உடல் கொழுப்பு கூடினால், முற்றிய வகைப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது என்பதற்குத்தான் மற்ற உணவுக் கதைகளைவிட வலுவான ஆதாரம் இருக்கிறது. அதோடு ஒரு விசித்திரம்: பருமனானவர்களின் உடலில் ரத்தத்தின் அளவு கூடுதல் என்பதால் பிஎஸ்ஏ நீர்த்துப்போய், உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம். என் தொப்பையைப் பார்த்துக்கொண்டே யூராலஜிஸ்ட் இதைச் சொன்னார். சாதுவான கட்டி உள்ளவர்களை அதைவிட இதய நோயே அதிகம் கொண்டுபோகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார். மனிதர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்லர்.

எனவே என் தட்டு இப்போது இதயத்துக்கானது. பாதிக்குக் காய்கறி, பருப்பு வகைகள், மீன், பதப்படுத்திய இறைச்சி கிடையாது, இனிப்பு எப்போதாவது. இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து நடக்கிறேன். இடுப்பு வார் உள்ளே நகர்ந்திருக்கிறது. பிஎஸ்ஏ பெரிதாக அசையவில்லை. அதற்குச் சாப்பாடு காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

தம்பி போன வாரம் வந்து, நான் சாப்பிடுவதையெல்லாம் எழுதித் தரச் சொன்னான். உடன்பிறந்தவனுக்கு இந்த நோய் இருந்தால் மற்றவனுக்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. அதை ஈடுகட்டும் காய்கறி எதுவும் இல்லை. "பட்டியல் அப்புறம் தருகிறேன். முதலில் டாக்டரைப் பார்த்து, அண்ணனுக்கு இருக்கிறது என்று சொல்லி, பிஎஸ்ஏ எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டு வா" என்றேன். திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறான்.