செண்பகமா, பச்சைச்சொண்டுச் செண்பகமா? நான் பிழையா எழுதின ஒரு பதிவு

எங்கட வீட்டு வேலியில நாளாந்தம் செண்பகம் வரும், சின்ன வயசில இருந்தே பாக்கிற பறவை, கறுப்பு உடம்பு, செங்கல் நிறச் செட்டை, சிவப்புக் கண். அதால செண்பகத்தை எங்க கண்டாலும் எனக்குத் தெரியும் எண்டு நினைச்சிருந்தன். இலங்கையின்ர தென்மேற்கில இருக்கிற சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போன முதல் தரம்தான் அந்த நினைப்பு உடைஞ்சது.

களவானைப் பக்கத்தால குடாவ வாசலுக்குப் போற பாதையில, காடு இன்னும் தொடங்கேல்ல, தேயிலையும் வீட்டுத் தோட்டமுமா இருக்கிற இடத்தில ஒண்டு குறுக்க ஓடிப் புதருக்குள்ள பூந்தது. மழை விட்டு அஞ்சு நிமிசம் இருக்கும். சொண்டு வெளிறித் தெரிஞ்சது. உடனே பச்சைச்சொண்டுச் செண்பகம் எண்டு கொப்பியில எழுதி, படத்தோட இணையத்திலயும் பதிவு போட்டிட்டன். இலங்கையை விட்டா உலகத்தில வேற எங்கயும் இல்லாத பறவை, அதை வாசலுக்குப் போக முதலே கண்டிட்டன் எண்ட சந்தோசம்.

ரெண்டு கிழமைக்குப் பேந்து ஒராள் கேட்டார், செட்டை ஏன் இவ்வளவு பளிச்செண்டு இருக்கு எண்டு. திரும்பப் போய்ப் படங்களை ஒவ்வொண்டா பெருப்பிச்சுப் பாத்தன். முதல் படத்தில சொண்டு வெளிறல், மூண்டாவதில தலையைத் திருப்பியிருக்கு, சொண்டு கன்னங்கரேல். ஈரச் சொண்டில வானத்து வெளிச்சம் பட்டு மினுங்கினதைத்தான் நான் நிறம் எண்டு எடுத்திருக்கிறன். எங்கட வேலிச் செண்பகமேதான் அது.

இப்ப நான் வடிவாப் பாக்கிறது இதுகளைத்தான். சாதாரணச் செண்பகத்தின்ர செட்டை பிரகாசமான செங்கபிலம், மற்றதுக்கு அதே இடம் மங்கின, கருமை கலந்த கபிலம். தலையும் கழுத்தும் மற்றதில ஊதாவும் வெண்கலமும் கலந்தமாதிரி மினுங்கும், எண்டாலும் காட்டு இருட்டுக்குள்ள அதை நம்பேலாது. ஆள் கொஞ்சம் சின்னன், ஆனா ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கவா கிடைக்கப்போகுது. சொண்டுதான் முடிவு சொல்லும், யானைத் தந்தத்தில லேசாப் பச்சை தடவினமாதிரி முழுச் சொண்டும் ஒரே வெளிறல். அதை ரெண்டு மூண்டு கோணத்தில காணாமல் பேர் எழுதப்படாது எண்டு இப்ப ஒரு பிடிவாதம்.

ரெண்டாந்தரம் போகேக்க கூட வந்த வழிகாட்டி அண்ணை பைனாகுலரைத் தூக்கவே இல்லை. "மல்லி (சிங்களத்தில தம்பி), முதல்ல எண்ணுங்கோ" எண்டார். சாதாரணச் செண்பகம் கூப் கூப் கூப் எண்டு வேகமா, நீளமா அடுக்கிக்கொண்டு போகும். தூரத்தில கேட்டது அப்பிடியில்லை, ஹூ-பூப், பிறகு அமைதி, திரும்ப ஹூ-பூப், ஆழமான குரல். அவர் ரெண்டு விரலை மடக்கிக் காட்டிட்டு, மூங்கில் பத்தைப் பக்கமா அப்பிடியே நிண்டார், முக்கால் மணித்தியாலம் இருக்கும், அட்டை கால் முழுக்க ஏறிட்டுது. சிங்களத்தில இதை பட்ட அட்டிகுக்குளா எண்டுதான் சொல்லுவினமாம், பட்ட எண்டா அந்த மெல்லிய மூங்கில். பேரே எங்க தேடவேணும் எண்டு சொல்லுது. கடைசியா பத்தைக்குள்ள இருந்து முதல்ல வெளிய தெரிஞ்சது அந்தச் சொண்டுதான். இந்தத் தரம் தலையைத் திருப்பியும் நிறம் மாறேல்ல.

குரலாலயே ஒரு புது இனம் பிடிபட்டதும் இதே ஈரவலயக் காடுகளிலதான். பறவை ஆய்வாளர் தீபால் வரக்காகொட 1995இல கித்துல்கலப் பக்கம் தெரியாத ஒரு ஆந்தைக் குரலைக் கேட்டார், ஆளைக் கண்டது 2001 ஜனவரியில சிங்கராஜாவில, 2004இல அது புது இனம் எண்டு விவரிக்கப்பட்டது. ஒரு குரலுக்குப் பின்னால இத்தனை வருசம் நிண்டிருக்கிறார், எனக்கு அதை நினைச்சாலே மரியாதை வருது. ஆனா குரலையும் ஒருக்காக் கேட்டு முடிவெடுக்காதேங்கோ, சிங்கராஜாவில இருக்கிற கொண்டைக் கரிச்சான் மற்றப் பறவையளின்ர சத்தத்தை அப்பிடியே போடும்.

மலை மைனாவிலயும் இந்தச் சிக்கல் இருக்கு. ரெண்டு இனமும் அதே காட்டில, ரெண்டும் கறுப்பு, ரெண்டுக்கும் மஞ்சள் தோல் தொங்கல். இலங்கை மலை மைனாவுக்கு அது பிடரியில மட்டும்தான், மற்றதுக்குக் கண்ணுக்குக் கீழயும் ஒரு மஞ்சள் திட்டு இருக்கும். முகம் தெரிஞ்சா ஒரு செக்கன்ல முடிஞ்சிடும்.

செண்பகத்தில நான் இவ்வளவு மினக்கெடுறது ஏனெண்டா, பச்சைச்சொண்டுச் செண்பகம் அழியக்கூடிய நிலையில இருக்கிற இனம். தென்மேற்கு ஈரக்காடுகள்ல, அடர்ந்த கீழ்ப்பத்தை இருக்கிற இடத்திலதான் பெரும்பாலும் வாழுது. சிங்கராஜா 1988இல இருந்து உலக மரபுரிமைக் காடு எண்டாலும் அந்த மரபுரிமைப் பகுதி மொத்தமே ஒன்பதாயிரம் ஹெக்டெயருக்குள்ளதான். என்னை மாதிரி நாலு பேர் தேயிலைத் தோட்டத்திலயும் றோட்டோரத்திலயும் இதைக் கண்டன் எண்டு பதிவு போட்டா, காடு இல்லாட்டியும் இது தப்பிப்பிழைக்கும் எண்ட ஒரு பொய்ப் படம் உருவாகும். அது எனக்குத் தாங்கேலாது, அதால பழைய பதிவைத் திருத்தி, கீழ காரணத்தையும் எழுதி விட்டிருக்கிறன்.

போன மாசம் திரும்பப் போனன். ஹூ-பூப் மூண்டு தரம் கேட்டது, பறவையைக் காணேல்ல. குரல் மட்டும் எண்டு எழுதியிருக்கிறன், நேரமும் மூங்கில் பத்தை இருந்த வளைவும் கொப்பியில இருக்கு, அடுத்த தரம் அந்த வளைவிலதான் போய் நிக்கப்போறன்.